வரைந்து கேட்போம்: தொடக்கப் பள்ளியில் ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்க ஒரு விளையாட்டு

கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பி நின்று, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் "வாட் இஸ் இட்?" என்று கேட்டுப் பாருங்கள். "பால்", "சன்", "மூன்", "ப்ளேட்", "ஆரஞ்சு", "எக்" என்று சொற்கள் வந்து விழும். வட்டத்தின் கீழே நீளமாக ஒரு கோடு இழுத்தால், பாதி வகுப்பு எழுந்து நின்று "பலூன்" என்று சொல்லும். அந்தக் கோட்டுக்குக் கையும் காலும் வைத்தால் பலூன் "பாய்" ஆகிவிடும். தலையின் இருபக்கமும் இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினால் பாய் "கேர்ள்" ஆகிவிடுவாள். ஒரு நிமிடத்துக்குள் ஒன்பது ஆங்கிலச் சொற்களைக் குழந்தைகளே சொல்லியிருப்பார்கள். அதே சிறுமியை முழுமையாக வரைந்து முடித்துவிட்டுக் கேட்டிருந்தால், "கேர்ள்" என்ற ஒரே சொல் வந்திருக்கும். அதையும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் மட்டுமே சொல்லியிருப்பார்கள்.

இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. படம் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. படம் முடியாமல் இருக்க வேண்டும். முடியாத படத்தைப் பார்க்கும் குழந்தை அது என்னவாக இருக்கும் என்று தேடத் தொடங்குகிறது, தேடும்போது தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது, அப்படி எடுத்துப் பார்ப்பதே அந்தச் சொற்களுக்கான பயிற்சியாகிவிடுகிறது. எனவே "எனக்கு வரையவே வராது" என்று தயங்கும் ஆசிரியர்கள் துளியும் கவலைப்பட வேண்டாம். உங்கள் பசு நாய் போல இருந்தால், அதனால் குழந்தைகள் பேசும் சொற்கள் கூடுமே தவிரக் குறையாது.

வரைந்து கண்டுபிடிக்கும் விளையாட்டு புதிதன்று. 1985இல் அமெரிக்காவில் பிக்‌ஷனரி என்ற பெயரில் அட்டைப் பெட்டியில் வந்த விளையாட்டைப் பலரும் அறிந்திருப்பார்கள். அது நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவதற்காக அமைக்கப்பட்டது. முப்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பறைக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஒருவர் கரும்பலகையில் வரைய மற்றவர்கள் சொல்ல வேண்டும், முதலில் சொல்லும் அணிக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்தேன். ஐந்து நிமிடத்தில் கூச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். குரல் பெரிதாக உள்ள நான்கு பேர் மட்டுமே எல்லாச் சொற்களையும் சொன்னார்கள். ஒரு பையன் வரைந்த யானையைப் பார்த்து மற்றவர்கள் சிரித்ததால் அவன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அந்தப் பருவம் முழுவதும் அவன் பலகைப் பக்கமே வரவில்லை. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு மதிப்பெண்ணை எடுத்துவிட்டேன், பெரிய அணிகளை எடுத்துவிட்டேன், ஒருவர் வரைய இருபத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கும் நிலையையும் எடுத்துவிட்டேன். இங்கே நான் விவரிப்பது அப்படி மாற்றியமைத்த வடிவம்.

தேவையான பொருள்கள்

சிலேட்டும் பலப்பமும் இருந்தால் போதும். சிலேட்டு இல்லாத வகுப்பில் ஒரு பக்கம் அச்சான தாள்களைப் பயன்படுத்தலாம். குழந்தைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டையொட்டி மாநிலம் முழுவதும் பரவியபோது, குழந்தைகளின் உயரத்துக்கு ஏற்பச் சுவரின் கீழ்ப்பகுதியில் தீட்டப்பட்ட கீழ்மட்டக் கரும்பலகைகள் இன்னும் பல பள்ளிகளில் இருக்கின்றன. உங்கள் வகுப்பறையில் அது இருந்து, முன்னால் அலமாரி வைத்து மறைக்கப்பட்டிருந்தால், அலமாரியை நகர்த்திவிட்டு ஒரு கறுப்பு வண்ணப் பூச்சுக் கொடுங்கள். இந்த விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

சொல் அட்டைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் தாள் மெல்லியதாக இருப்பதால் எழுதியது மறுபக்கம் தெரிந்துவிடுகிறது. கல்யாணப் பத்திரிகைகளே சிறந்தவை. தடித்த அட்டை, கையில் பிடிக்க வசதி, ஒரு பத்திரிகையிலிருந்து நான்கு அட்டைகள் வெட்டலாம். குழந்தைகளைக் கொண்டுவரச் சொன்னால் ஒரு வாரத்தில் பை நிறையச் சேர்ந்துவிடும். அட்டையில் ஆங்கிலச் சொல்லை மட்டும் பெரிதாக எழுதுங்கள். வாசிக்கத் தொடங்காத முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்லின் மேலே சிறிய படம் ஒன்றையும் வரையுங்கள், அல்லது அட்டையே இல்லாமல் காதில் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் நேரம் செலவாக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஐந்தோ ஆறோ குழந்தைகள் ஏற்கெனவே அறிந்தவையாகவும், இரண்டோ மூன்றோ அன்றைய பாடத்தில் வரும் புதிய சொற்களாகவும் இருக்கட்டும். எல்லாமே புதியவையாக இருந்தால் கண்டுபிடிப்பதற்குக் குழந்தையின் வாயில் ஒன்றும் இருக்காது. எல்லாமே பழையவையாக இருந்தால் அது வெறும் பொழுதுபோக்காகிவிடும். "எனக்கு இங்கிலீஷே தெரியாது" என்று சொல்லும் குழந்தைக்கும் பஸ், சைக்கிள், பென்சில், பேக், ஃபேன், சேர், பக்கெட், கேட் என்று வீட்டுத் தமிழிலேயே ஐம்பது சொற்களாவது தெரிந்திருக்கும். முதல் வாரத்தை இவற்றைக் கொண்டே நடத்துங்கள். தனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்பதை அந்தக் குழந்தை அன்று கண்டுகொள்கிறது. அதன் பிறகு புதிய சொல்லைக் கண்டு அஞ்சுவதில்லை.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சொற்களை ஒரே நாளில் வைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. பழங்கள் பத்து, விலங்குகள் பத்து என்று அடுக்குவது பாடநூலுக்கு அழகாக இருக்கலாம். ஆனால் ஆப்பிள், ஆரஞ்சு, லெமன் மூன்றையும் ஒரு வெள்ளைப் பலப்பத்தால் வரைந்தால் மூன்றும் ஒரே வட்டமாக இருக்கும். எனவே அம்ப்ரெல்லா, ஃபிஷ், ஹவுஸ், ஸ்பூன் என்று உருவத்தால் வேறுபடும் சொற்களைக் கலந்து கொடுப்பதே நல்லது.

முதல் சுற்று: ஆசிரியர் வரைவது

தொடங்குவதற்கு முன் பலகையின் ஓரத்தில் நான்கு தொடர்களை எழுதி வையுங்கள். "வாட் இஸ் இட்?", "இஸ் இட் எ கேட்?", "யெஸ், இட் இஸ்", "நோ, இட் இஸ் நாட்" என்பவை போதும். விளையாட்டு முழுவதும் இந்த நான்கின் மேல்தான் ஓடும். கண்டுபிடிப்பவர் வெறும் சொல்லைக் கத்தக் கூடாது, கேள்வியாகக் கேட்க வேண்டும் என்பது ஒரே கண்டிப்பான விதி. இந்த ஒரு விதியே கூச்சலைப் பாதியாகக் குறைத்துவிடும், ஏனென்றால் முழுக் கேள்வியைக் கேட்பதற்குக் குழந்தை மூச்சு எடுத்துக்கொண்டு சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. முதல் வகுப்பில் மட்டும் ஒற்றைச் சொல்லையும் ஏற்றுக்கொண்டு, அதையே நீங்கள் கேள்வியாக்கித் திருப்பிச் சொல்லுங்கள்.

ஒரு கோடு வரையுங்கள். சாக்பீஸை எடுத்துவிட்டு நில்லுங்கள். பத்து எண்ணும் வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்பு ஆசிரியருக்குத்தான் கடினம். அடுத்த கோட்டை இழுத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். கை தூக்கியவர்களில் இதுவரை பேசாத ஒருவரை முதலில் கேட்க விடுங்கள். தவறான ஊகத்துக்கு "நோ, இட் இஸ் நாட்" என்று புன்னகையோடு சொல்வதோடு, அந்தச் சொல்லையும் பலகையின் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஊகம் தவறினாலும் அது சரியான ஆங்கிலச் சொல்தானே! விளையாட்டு முடியும்போது அந்தப் பக்கத்தில் சேர்ந்திருக்கும் சொற்களின் பட்டியலைப் பார்த்துக் குழந்தைகளே வியந்துபோவார்கள்.

யாராவது "குடை" என்று தமிழில் சொல்லிவிட்டால் அதைத் தவறாக்க வேண்டாம். பொருளை அவர் கண்டுபிடித்துவிட்டார், சொல்தான் கிடைக்கவில்லை. "ஹௌ டு யூ சே குடை இன் இங்கிலீஷ்?" என்ற தொடரை இந்த இடத்தில் கற்றுக்கொடுங்கள். அவர் அதை வகுப்பைப் பார்த்துக் கேட்கட்டும், தெரிந்தவர் யாராவது சொல்லட்டும். ஒரு சொல் தேவைப்படும் நொடியில் கிடைத்தால் அது மனத்தில் தங்குவதே வேறு.

இரண்டாம் சுற்று: இருவர் இருவராக

இனி எல்லாரும் வரைய வேண்டும். குழந்தைகள் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரட்டும். ஒருவர் அட்டையை எடுத்து, அடுத்தவர் பார்க்காதபடி வாசித்துவிட்டு, சிலேட்டில் கோடு கோடாக வரைகிறார். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் பலப்பத்தை எடுக்கிறார். எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்கிறார். விடை வந்ததும் இருவரும் மாறிக்கொள்கிறார்கள். எழுத்தும் எண்ணும் வரையக் கூடாது. பேசாமல் வரைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதில்லை, ஏனெனில் வரைபவர் "யெஸ்", "நோ" சொல்ல வேண்டும், "இட் இஸ் பிக்", "இட் இஸ் இன் தி கிச்சன்" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு கொடுத்தால் அதுவும் நன்மைதான்.

இணைகளைப் பிரிப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வழியாக, குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிரித்துப் பழகிய ஆசிரியர்கள், மலர் நிலையில் உள்ள குழந்தையோடு மொட்டு நிலையிலோ அரும்பு நிலையிலோ உள்ள குழந்தையைச் சேர்க்கலாம். வாசிப்பில் பின்தங்கிய குழந்தை வரைவதில் பல சமயம் முந்திக்கொள்கிறது. இந்த விளையாட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் உட்காரும் ஈராசிரியர் பள்ளியில் வகுப்பு கலந்து இணை சேர்த்தாலும் குறைவில்லை.

வரைய மாட்டேன் என்று அடம் பிடிக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வட்டம், சதுரம், முக்கோணம், நேர்கோடு, அலைக்கோடு ஆகிய ஐந்தையும் சிலேட்டில் போடச் சொல்லி, முக்கோணத்தையும் சதுரத்தையும் சேர்த்தால் வீடு, அலைக்கோட்டை அடுக்கினால் ஆறு, வட்டத்தோடு முக்கோண வாலைச் சேர்த்தால் மீன் என்று காட்டினாலே பெரும்பாலும் கை தானாக இயங்கத் தொடங்கிவிடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சொற்களை எழுதிப் பார்த்ததைவிட வரைந்து பார்த்தபோது கூடுதலாக நினைவில் நின்றன என்றும், வரைய நான்கே நொடிகள் கிடைத்தபோதும் அந்தப் பயன் இருந்தது என்றும், படத்தின் தரம் அதில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்றும் கண்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்றாலும், என் வகுப்பில் நான் கண்டதும் அதற்கு மாறாக இல்லை.

மூன்றாம் சுற்று: கேட்டு வரைவது

இதுவரை படத்திலிருந்து சொல்லுக்குப் போனோம். இப்போது சொல்லிலிருந்து படத்துக்கு வருகிறோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் எங்கெல்லாம் தடுக்குகிறது என்பது சிலேட்டில் அப்படியே தெரிந்துவிடுகிறது.

"ட்ரா எ ட்ரீ" என்று சொல்லி எல்லாரையும் ஒரு மரம் வரையச் செய்யுங்கள். பிறகு "ட்ரா எ பேர்ட் ஆன் தி ட்ரீ" என்றும், அடுத்து "ட்ரா எ பேர்ட் அபவ் தி ட்ரீ" என்றும் சொல்லுங்கள். முதல் முறை இரண்டு பறவைகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். தமிழில் மரத்தைத் தொட்டு உட்கார்ந்தாலும் தொடாமல் பறந்தாலும் "மரத்துக்கு மேலே" என்றே சொல்லிவிடுகிறோம். தொட்டால் ஆன், தொடாவிட்டால் அபவ் என்று ஒரு பறவையை அழித்துவிட்டு வானத்தில் வரையச் சொன்னால், இலக்கணம் எதுவும் பேசாமலேயே அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

பன்மையும் அப்படியே. "ஒரு மாடு, ரெண்டு மாடு" என்று பேசிப் பழகிய நாக்கு "டூ கேட்" என்று சொல்வதில் வியப்பில்லை. "ட்ரா எ கேட்", "ட்ரா கேட்ஸ்" என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்; எத்தனை என்று எண்ணிக்கை சொல்லாதீர்கள். கடைசியில் ஒலிக்கும் அந்தச் சின்ன "ஸ்" ஒலியைக் கவனித்தவர் சிலேட்டில் இரண்டு மூன்று பூனைகள் இருக்கும், கவனிக்காதவர் சிலேட்டில் ஒன்றே இருக்கும்.

எல்லாவற்றையும்விட நேரம் கொடுக்க வேண்டியது ஒலிகளுக்குத்தான். ஆட்டுக்கும் கோட் என்றே தமிழில் எழுதுகிறோம், மேலங்கிக்கும் கோட் என்றே எழுதுகிறோம். கரடியும் பேர், பேரிக்காயும் பேர். குப்பைத் தொட்டியும் பின், குண்டூசியும் பின். ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு எழுத்தில் தொடங்கும் வெவ்வேறு ஒலிகள். இந்த வேறுபாட்டைத் தமிழைக் கொண்டே விளக்கலாம். ஆட்டைச் சொல்லும்போது "கோபம்" என்பதில் வருவது போலவும், மேலங்கியைச் சொல்லும்போது "கோழி" என்பதில் வருவது போலவும் தொடங்க வேண்டும். கரடி "பஸ்" போலத் தொடங்கும், பேரிக்காய் "பல்" போலத் தொடங்கும். இரண்டு ஒலிகளும் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன, எழுத்துத்தான் ஒன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் குழந்தைகளுக்கு ஏற்படும் தெளிவை நேரில் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னச் சோதனையும் செய்து காட்டலாம். இரண்டு விரல் அகலத்துக்கு நாட்காட்டித் தாளைக் கிழித்து, உதட்டுக்கு முன் தொங்குமாறு பிடித்துக்கொண்டு பேரிக்காயை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஆங்கிலேயர் சொல்வது போலச் சொன்னால் தாள் படபடவென ஆடும். கரடியைச் சொன்னால் அது பெரும்பாலும் அசையாது. மேலங்கிக்கும் ஆட்டுக்கும் இதே வேறுபாடு உண்டு, ஆனால் அங்கே தாள் சற்றுக் குறைவாகவே ஆடும். ஆகையால் பேரிக்காயில் தொடங்குவது நல்லது. முந்தின நாள் இரவு வீட்டில் கண்ணாடி முன் நின்று ஆசிரியரும் இதைச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் பழகினேன்.

பிறகு ஒரு குழந்தை இரண்டில் ஒன்றைச் சொல்ல, மற்றவர்கள் கேட்டதை வரையட்டும். ஒரு முறை நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி ஆட்டை நினைத்துக்கொண்டு சொன்னாள். வகுப்பில் பாதிப் பேர் பொத்தான் வைத்த சட்டை வரைந்து உயர்த்திக் காட்டினார்கள். அவள் சிலேட்டுகளைச் சுற்றிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை, தொண்டை அதிர்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னாள். இம்முறை எல்லாச் சிலேட்டிலும் கொம்பு முளைத்தது. தவறு என்று நான் சொல்லியிருந்தால் அவள் என்னைப் பார்த்திருப்பாள். சிலேட்டுகள் சொன்னதால் தன் குரலைத் தானே கேட்டாள்.

எழுதுவதும் நேரமும்

கடைசி எட்டு நிமிடம் நோட்டுக்கு. சிலேட்டில் வரைந்தது அழிந்துவிடும் என்பதால், அன்றைய சொற்களில் தனக்குப் பிடித்த மூன்றை மட்டும் குழந்தை நோட்டில் வரைந்து, படத்தின் கீழே ஆங்கிலத்தில் எழுதட்டும். மூன்றுக்கு மேல் கேட்காதீர்கள். எட்டையும் எழுதச் சொன்னால் விளையாட்டு வீட்டுப்பாடமாகிவிடும். நைஃப் என்ற சொல்லின் தொடக்கத்தில் ஒலிக்காமல் நிற்கும் கே எழுத்தைப் போன்றவற்றைக் குழந்தைகளே படத்தில் ஒளித்து வைப்பார்கள், கத்தியின் கைப்பிடியில் அந்த எழுத்தைச் செதுக்கியது போல. அதை ஊக்குவியுங்கள், வரைந்து கண்டுபிடிக்கும்போதுதான் எழுத்து கூடாதே தவிர, நோட்டில் கூடும்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் முதல் சுற்றுக்கு எட்டு நிமிடம், இரண்டாவதற்குப் பன்னிரண்டு, மூன்றாவதற்கு அதே அளவு என்று நான் வைத்துக்கொள்கிறேன். முதல், இரண்டாம் வகுப்புகளுக்கு மூன்று சுற்றையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம். ஒரு நாள் வரைவது, மறுநாள் கேட்பது என்று பிரித்துவிடலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ரன், ஜம்ப், ஸ்லீப், ஸ்விம் போன்ற வினைச்சொற்களையும், டால், ஷார்ட் போன்ற எதிர்ச்சொற்களையும் கொடுக்கலாம். எதிர்ச்சொற்களுக்கு எப்போதும் இரண்டு உருவங்களை வரைந்து, ஒன்றைச் சுழித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒற்றை மரத்தைப் பார்த்து அது உயரமா குட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஹானஸ்ட், கைண்ட் போன்ற சொற்களை இந்த விளையாட்டுக்குள் இழுக்காதீர்கள். அவற்றுக்குக் கதைதான் வழி.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த வார நோட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒருவர் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக விலக்க, பக்கத்தில் இருப்பவர் "இஸ் இட் எ…?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஐந்து விரலும் விலகிய பிறகும் இருவருக்கும் நினைவு வராத சொல் எது என்று கேட்டு, அந்த அட்டையைத் தனியே எடுத்து, அடுத்த வாரக் கட்டின் மேலே வைத்துவிடுங்கள்.